லாரா இங்கல்ஸ் அம்மையார் வரலாறு

கல்வியாற் பெயர் பெற்றார் வரலாறுகளை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பெருநூல் செய்தாரையும், பெருங்கழகம் நிறுவினாரையும், அரசவையிற் சிறப்புப் பெற்றாரையுமே எடுத்து ஓதுவர். சிற்றூரிலே ஓரறைப் பள்ளியொன்றில் எழுத்தும் எண்ணும் கற்பித்து மறைந்த ஆசிரியரோ பல்லாயிரவர். அவர் ஊன்றிய வித்தின் பயனை உலகம் துய்க்கின்றது. அவர் பெயரை மறந்துவிடுகின்றது. அத்தகையாருள், இளமையிற் சிறிது காலமே அத்தொழிலை மேற்கொண்டு, முதுமையில் அக்கால நினைவுகளை நூல்களாக வரைந்தமையால் உலகறியப்பட்டவர் ஒருவர் உளர். அவர் அமெரிக்க ஐக்கிய நாட்டிற் பிறந்து வாழ்ந்த லாரா இங்கல்ஸ் வைல்டர் அம்மையார். அவர் வரலாற்றையும் அவர் குடும்பத்தார் வரலாற்றையும் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

பிறநாட்டார் வரலாறு நமக்கு எற்றுக்கென வினவுவாரும் உளராகலாம். கல்வி கொடுத்தலும், உடன்பிறந்தார் குறை தீர்த்தற்பொருட்டுத் தன்னை ஒறுத்தலும் எந்நாட்டார்க்கும் பொதுவாவன. அவை விளங்கும் இடமெல்லாம் நமக்குக் கற்றற்குரிய இடமே. ஆதலின் அவ்வினாவை இவ்வளவில் நிறுத்தி மேற்செல்வாம்.

அம்மையார் வாழ்ந்த காலத்து நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். 1862-ஆம் ஆண்டில் அந்நாட்டரசு குடியேற்ற நிலச்சட்டம் ஒன்று இயற்றியது. அதன்படி, 160 ஏக்கர் அளவுள்ள அரசுநிலத்தைச் சிறு கட்டணஞ் செலுத்திப் பதிந்துகொண்டு, ஐந்தாண்டு அதன்கண் வதிந்து பயிர் செய்பவர்க்கு அந்நிலம் உரிமையாகும். இதனால் மக்கள் மூடுவண்டிகளிற் பொருள்களை ஏற்றிக்கொண்டு மேற்றிசை நோக்கிப் பெருந்திரளாகச் சென்றனர். சென்ற இடத்தில் மரமும் இல்லை, கடையும் இல்லை, மருத்துவரும் இல்லை. எனினும், சில குடும்பங்கள் ஓரிடத்தில் அமைந்த அளவிலே, பலகையால் ஓரறை கட்டி அதனைப் பள்ளியாக்குதல் அவர்க்கு வழக்கமாயிற்று.

அப்பள்ளிகளில் ஆசிரியர் ஒருவரே. அகரம் பயிலும் சிறுவர் முதல் ஆசிரியரினும் அகவை முதிர்ந்த இளைஞர் ஈறாக எல்லாரும் ஓரறையிலேயே அமர்ந்திருப்பர். ஒவ்வொரு வகுப்பாரையும் முறையே முன்னழைத்து ஒப்பிக்கக் கேட்டு, ஏனையோரை அவ்வளவும் கற்பலகையிற் கணக்கில் ஈடுபடுத்தி வைத்தல் ஆசிரியர் கடன். வைகறையிற் கணப்படுப்பு மூட்டுதலும், அறையைப் பெருக்குதலும் அவர் பணியே. பள்ளி ஆண்டு முழுவதும் நடவாது. உழவுவேலை ஒழிந்த மாதங்களிற் சிறு தவணைகளாகவே நடைபெறும். பெண்டிர்க்குப் பொருள் ஈட்டும் வழிகள் மிகக் குறைந்திருந்த அந்நாளில் தையலும் ஆசிரியத் தொழிலுமே அவர்க்கு எய்தற்பாலனவாயிருந்தன. ஆகவே, பதினாறு பதினேழு அகவைப் பெண்களே பலவிடத்தும் ஆசிரியராயமர்ந்தனர்.

இனி, குடும்ப வரலாறு கூறுவாம். லாராவின் தந்தையார் சார்லஸ் இங்கல்ஸ் என்பவர். அவர் 1836-ஆம் ஆண்டு நியூயார்க்கு மாநிலத்திற் பிறந்தவர். உழவு, தச்சு, வேட்டை என்னும் மூன்றினும் வல்லவர். பிடில் வாசிப்பதிற் பெருவிருப்பினர். ஓரிடத்து நிலைத்திராது மேற்கே செல்லும் வேட்கை மிகுந்தவர். தாயார் கரோலின் அம்மையார் 1839-ஆம் ஆண்டு விஸ்கான்சின் பகுதியிற் பிறந்தவர். சிறுமியாயிருந்தபோதே தந்தை மிச்சிகன் ஏரியிற் கப்பலொடு மூழ்கி இறந்தமையால் வறுமையில் வளர்ந்தவர். மணத்திற்கு முன் அவர்தாமும் பள்ளியாசிரியராக இருந்தார். எத்துணைத் தொலைவான இடத்திற்குப் பெயர்ந்தாலும் மக்களின் கல்வி தடைப்படலாகாதென்பது அவர் கொள்கை. மேற்கே செல்லும் கணவர் வேட்கைக்கு அவர் இட்ட வரம்பு அஃதொன்றே என்னலாம்.

இவ்விருவரும் 1860-ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் முதல்நாள் மணம்புரிந்தனர். மூத்த மகள் மேரி 1865-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாளும், இரண்டாம் மகள் லாரா 1867-ஆம் ஆண்டு பெப்ரவரி 7-ஆம் நாளும் விஸ்கான்சின் மாநிலத்துப் பெப்பின் என்னும் ஊரை அடுத்த காட்டகத்துப் பிறந்தனர். மூன்றாம் மகள் கேரி 1870-இல் கான்சஸ் மாநிலத்துப் பிறந்தார். நான்காவதாக 1875-இற் பிறந்த ஆண்மகவு ஒன்பது திங்களளவில் இறந்தது. கடைசி மகள் கிரேஸ் 1877-இல் அயோவா மாநிலத்துப் பர் ஓக் என்னும் ஊரிற் பிறந்தார். மக்கள் பிறந்த ஊர்களின் வேறுபாடே அக்குடும்பம் அலைந்த அலைச்சலை நன்கு காட்டும்.

கான்சசில் அவர் குடியிருந்த இடம் ஓசேஜ் என்னும் பழங்குடியார்க்கு உரிமையாக ஒதுக்கப்பட்ட நிலம். அரசு அதனைக் குடியேற்றத்திற்குத் திறந்துவிடுமுன்னரே வெள்ளையர் பலர் அதனுட் புகுந்து வீடு கட்டினர். சார்லசும் அவருள் ஒருவர். 1870-ஆம் ஆண்டிலே ஓசேஜ் மக்கள் தம் நிலத்தை விட்டுத் தெற்கே பெயருமாறு சட்டம் ஆயிற்று. பெப்பினில் இவர் விற்றுவந்த மனையை வாங்கியவர் விலைப்பொருள் செலுத்த இயலாமையின், 1871-இல் இக்குடும்பத்தார் அவ்விடத்துக்கே மீண்டனர். இச்செய்தி பின்னர் ஆராயப்படும்.

1874-இல் மின்னிசோட்டா மாநிலத்து வால்நட் குரோவ் என்னும் ஊரை அடுத்த ஓடைக்கரையில் மண்ணை அகழ்ந்தமைத்த வீட்டில் அவர் குடிபுகுந்தனர். கோதுமை விளைந்து கதிர் முற்றுங்கால் வெட்டுக்கிளிக் கூட்டம் வானை மறைத்து வந்திறங்கிப் பசும்புல் ஒன்றும் எஞ்சாவாறு தின்றது. 1873 முதல் 1877 முடிய அம்மாநிலம் இத்துன்பத்தில் வருந்தியது. விளைவை நம்பிக் கடன்பட்டு வீடு கட்டிய சார்லஸ், கூலிவேலை தேடிக் கிழக்கே நெடுந்தொலைவு கால்நடையாகச் சென்று, அறுவடைக் கூலி ஈட்டிக் குடும்பம் காத்தார். பின்னர் 1876-இல் ஆண்மகவை இழந்த துயரோடு பர் ஓக் சென்று ஓர் உணவுவிடுதியில் உழைத்தனர். அவ்வூரிற் கடன் தீர்க்க வகையின்றி 1877-இல் இரவிலே வண்டி கட்டி வெளியேறினர் என்பது அம்மையார் தம் தன்வரலாற்றில் எழுதியது. பிற்காலத்துக் கதைநூல்களில் அவ்வூர் வாழ்க்கையை அவர் கூறாது விட்டார்.

வால்நட் குரோவுக்கு மீண்டபின் 1879-ஆம் ஆண்டில் அக்குடும்பத்திற்கு எல்லாத் துன்பத்தினும் பெரிய துன்பம் நேர்ந்தது. பதினான்கு அகவையினரான மேரி கொடுங்காய்ச்சலுற்றுத் தலைவலி மிகுந்து, சின்னாளில் இரு கண்ணும் ஒளியிழந்தார். அதனைச் செங்காய்ச்சலின் விளைவென அம்மையார் நூல் கூறும். 2013-ஆம் ஆண்டில் மருத்துவ அறிஞர் சிலர் பழைய கடிதங்களையும் பத்திரிகைக் குறிப்புகளையும் ஆராய்ந்து, அது மூளையையும் அதன் உறையையும் பற்றிய நுண்கிருமி நோயாதல் கூடுமென முடிவு கூறினர். எவ்வாறாயினும், குடும்பத்தில் நூற்கல்வியிற் சிறந்தவரும், தாயைப் போல ஆசிரியராதற்கு அவாவி நின்றவருமாகிய மேரிக்கு நூல் மூடப்பட்டது. அன்று முதல் தமக்கைக்கு நீயே கண்ணாக இருக்கவென்று தந்தையார் லாராவுக்குக் கட்டளையிட்டதாக அம்மையார் எழுதுகின்றார். வானின் நிறம், புல்லின் அசைவு, வழிப்போவார் தோற்றம் யாவற்றையும் தமக்கையார் மனத்திற் காணுமாறு சொல்லிச் சொல்லிப் பழகியதே லாரா அம்மையார் பிற்காலத்து எழுத்தாளராதற்குப் பயிற்சியாயிற்றென அறிஞர் பலர் கருதுவர். யாமும் அக்கருத்தினேம்.

தாயார் பள்ளியாசிரியராக இருந்தவர். மகளிருள் ஒருவரேனும் அத்தொழில் ஏற்றல் வேண்டுமென்பது அவர் விருப்பம். அவ்விருப்பம் மேரியின்பால் நிறைவேறாதாயிற்று. ஆகவே, அச்சுமை அதனை விரும்பாத லாராவின் தோளில் ஏறிற்று. அவர் வாழ்க்கையின் உயிர்நிலை இதுவே.

1879-இல் சார்லஸ் டக்கோட்டாப் பகுதியிற் புகைவண்டிப்பாதை அமைப்போர் குழுவிற் கணக்கர் வேலை ஏற்றார். குடும்பத்தார் அவ்வாண்டுப் பனிக்காலத்தை நில அளவையாளர்க்கென ஏரிக்கரையிற் கட்டிய மனையிற் கழித்தனர். 1880-இல் அவ்விடத்தை அடுத்து டி ஸ்மெட் என்னும் ஊர் எழுந்தது. சார்லஸ் அதன் அருகே நிலம் பதிந்துகொண்டார். அவ்வாண்டு அக்டோபரிற் றொடங்கிய பனிப்புயல் அடுத்த ஆண்டு வேனில் வரையும் ஓய்ந்திலது. பாதை பனியில் மூழ்கப் புகைவண்டி பன்மாதம் வாராதொழிந்தது. விறகும் நிலக்கரியும் தீர்ந்தன. உலர்புல்லை முறுக்கி எரித்தனர். மாவும் தீர்ந்தது, விதைக் கோதுமையைக் காப்பி அரைக்கும் கையியந்திரத்தில் இட்டுத் திரித்து அப்பஞ் சுட்டுண்டனர். ஊரார் பசியால் மாயும் நிலையில், அல்மான்சோ வைல்டர் என்னும் இளைஞரும் அவர் தோழர் ஒருவரும் உயிரைப் பொருட்படுத்தாது பனிவெளியிற் சென்று, தொலைவிலிருந்த உழவர் ஒருவரிடம் கோதுமை வாங்கி வந்தனர். அவ்விளைஞரே பின்னாளில் லாராவின் கணவராயினார்.

அக்கொடும் பனிக்காலம் கழிந்த 1881-ஆம் ஆண்டிலேயே, நவம்பர்த் திங்களில், மேரி அயோவா மாநிலத்து வின்டன் நகரிலிருந்த பார்வையிழந்தோர் கல்லூரியிற் சேர்க்கப்பட்டார். டக்கோட்டாவிலே அத்தகைய கல்லூரி இன்மையால் அப்பகுதியரசு கல்விச் செலவை ஏற்றது. ஆயினும் ஆடையும் வழிச்செலவும் பிற தேவைகளும் குடும்பத்தாரே தருதற்குரியன. அவை அக்குடும்பத்திற்குச் சிறு பொருளல்ல. அதன்பொருட்டு லாரா முதலிற் கடைத்தெருவிற் சட்டை தைக்கும் வேலை செய்தார். பின்னர் ஆசிரியத் தொழில் ஏற்றார்.

ஆசிரியராதற்குத் தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறுதல் வேண்டும்; பதினாறு அகவை நிரம்பியிருத்தலும் வேண்டும். தமக்குப் பதினாறு நிரம்புமுன்னரே தேர்வு நடந்ததென்றும், தேர்வாளர் அகவையை வினவாமையால் தாம் அதனைக் கூறிற்றிலரென்றும் அம்மையார் கதைநூல் கூறும். அவர் பெற்றது மூன்றாந்தரச் சான்றிதழ், தரங்களுட் கடைப்பட்டது. பழைய பதிவுகளைக் கொண்டு நோக்கும்வழி, 1883-க்கும் 1885-க்கும் இடைப்பட்ட காலத்து மூன்று தவணை அவர் கற்பித்தார் என்பது பெறப்படும்.

முதற்பள்ளி டி ஸ்மெட்டிலிருந்து பன்னிரண்டு மைல் தொலைவிலிருந்தது. அது கைவிடப்பட்டதொரு பலகைக் குடில். பலகை இடுக்கின் வழியே பனித்துகள் உள்ளே வீழும். மாணாக்கர் ஐவர், அவருள் ஆசிரியரினும் உடல் வளர்ந்தாரும் இருந்தனர். ஊதியம் திங்களொன்றுக்கு 20 டாலர். இரண்டு திங்களுக்கு 40 டாலர். உறைவிடமோ, வாழ்க்கையில் வெறுப்புற்று எந்நேரமும் சினந்துகொண்டிருந்த ஓர் அம்மையின் மனை. ஒருநாள் இரவு அவ்வம்மை கையிற் கத்தியோடு கணவர் எதிர் நின்றதைத் திரையின் வழியே கண்டு உறக்கமின்றிக் கிடந்ததாக அம்மையார் எழுதியுள்ளார். மறுநாட் காலையில் அம்மனையிலிருந்தே பள்ளிக்குச் சென்று கணப்படுப்பின் முன் மாணாக்கரை அமர்த்திப் பாடங் கேட்டார். இடையில் விட்டு வந்திருப்பின் அவரைக் குறைகூறுவார் இலர். விட்டுவந்தால் தமக்கைக்கு உதவுதல் ஒழியும். தொடங்கிய பள்ளியை முடியாத ஆசிரியர்க்கு வேறு பள்ளி கிடைத்தலும் அரிது. இவ்விரண்டும் எண்ணி அவர் ஆங்கே நிலைத்தார்.

அப்பள்ளியில் ஒரு பெரிய மாணாக்கன் ஆசிரியர் தன்னினும் சிறியவள் என்னும் எண்ணத்தாற் பாடம் படியாதும், பிறரைப் படிக்கவிடாதும் இடர் செய்தான். லாரா அவனை வலிந்து பணிவித்தற்கு வலியிலர். வார இறுதியில் வீடு வந்தபோது தாயாரிடம் வழி வினவினார். அவனை அடக்க முயலாது விட்டுவிடுக, தானே திரும்புவான் என்பது பழைய ஆசிரியராகிய தாயார் கூறிய அறிவுரையின் சாரம். அதன்பின் லாரா அவனுக்குப் பாடம் மிகையாகாதவாறு குறைத்து, இவ்வளவு இயலாதாயின் விடலாமென அமைதியாகக் கூறினார். நாணமுற்ற அவன் விட்டுப்போன பாடங்களையெல்லாம் இரவில் இருந்து படித்து ஏனையோரை எட்டிப்பிடித்தான். மாணாக்கர் இயல்பறிந்து கொடுத்தல் ஆசிரியர்க்கு இன்றியமையாததென்பதை நூலால் அறிந்தார் பலர். பதினாறாம் அகவையில் தொழிலில் வைத்து அறிந்தார் சிலரே.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் அல்மான்சோ தம் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில் வந்து அவரை வீட்டுக்கு அழைத்துச் சென்று, ஞாயிறன்று கொண்டுவந்து விடுவார். வெப்பமானியின் இரசமே உறைந்துவிடும் குளிரிலும் அவர் வாராதொழிந்திலர். அவர் 1857-இற் பிறந்தவர். லாராவுக்குப் பத்தாண்டு மூத்தவர். அவர் தமக்கையார் எலைசா ஜேன் என்பவரும் பள்ளியாசிரியரே. டி ஸ்மெட்டில் லாராவுக்கே கற்பித்தவர்.

பின்னிரு தவணைகளும் வீட்டுக்கு அணித்தான பள்ளிகளில் நடந்தன. ஊதியம் முறையே திங்களுக்கு 25, 30 டாலராக உயர்ந்ததென அம்மையார் நூலால் அறிகின்றோம். தாம் கற்பித்துவந்த அக்காலத்திலேயே ஒழிந்த நாள்களில் டி ஸ்மெட் பள்ளியில் தாமும் மாணவியாக அமர்ந்து கற்றார். எனினும் அப்பள்ளிப் படிப்பு நிறைவெய்திற்றிலது. ஈட்டிய பொருள் மேரியின் தேவைக்கும், விடுமுறையில் மேரி வந்து வாசித்தற்கென வாங்கிய ஆர்கன் என்னும் இசைக்கருவிக்கும் பயன்பட்டது. மேரி இடையில் ஓராண்டு நோயால் தடைப்பட்டும், 1889-ஆம் ஆண்டிற் கல்லூரிக் கல்வியை நிறைவேற்றினார். இக்குடும்பத்து மகளிர் நால்வருள் பார்வையிழந்த அவரே கல்லூரிப் படிப்பு முடித்தவர் என்பது கருதற்பாலது.

ஈண்டு ஒரு தடை நிகழும். லாரா அம்மையார் ஆசிரியத் தொழிலை விரும்பியவர் அல்லர். அதனைத் தாமே வெளிப்படையாகக் கூறியுள்ளார். மணமானதும் அதனை விட்டுவிட்டார். ஆகவே, கூலியின்பொருட்டு விருப்பின்றிச் செய்த மூன்று தவணைப் பணியை ஆசிரியத் தொண்டென்று பாராட்டுதல் பொருந்துமோ எனின், கூறுதும். விருப்பமுள்ள வினையைச் செய்தல் யார்க்கும் எளிது. விருப்பமில்லா வினையையும் குறைவின்றிச் செய்தலே கடமையுணர்ச்சிக்கு அளவுகோல். அவர் மாணாக்கர் பாடத்திற் பின்தங்கினாரென ஊரார் ஒருவரும் குறைகூறியதாக வரலாறில்லை. அடுத்த தவணைக்கு உயர்ந்த ஊதியத்தில் அவரை வேண்டிக்கொண்டனர் என்பதே வரலாறு. கூலி பெற்றது உண்மை. அக்கூலி சென்றடைந்த இடத்தை நோக்குக. ஒருவர் கல்வியை விற்ற பொருள் மற்றொருவர்க்குக் கல்வியாயிற்று. ஆகலின் அத்தடை நிரம்பாதென்க.

1885-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் லாராவுக்கும் அல்மான்சோவுக்கும் மணம் நிகழ்ந்தது. 1886 டிசம்பரில் ரோஸ் என்னும் மகள் பிறந்தார். அதன்பின் துன்பம் மேன்மேலும் வந்தது. மழை பொய்த்தது, பயிர் கருகிற்று. 1888-இற் கணவன் மனைவி இருவரும் தொண்டை அடைப்பான் நோயுற்றனர். அல்மான்சோ அதன்மேல் வாதமுற்று நடை தளர்ந்தார். 1889-இற் பிறந்த ஆண்மகவு பெயரிடுமுன்னரே இறந்தது; அவ்வாண்டிலேயே வீடும் தீக்கிரையாயிற்று. உறவினரைச் சார்ந்து மின்னிசோட்டாவிலும், நலம் நாடிப் புளோரிடாவிலும் சிலகாலம் இருந்து, 1892-இல் டி ஸ்மெட்டுக்கு மீண்டு கூலிவேலையாற் பொருள் சேர்த்தனர். 1894-ஆம் ஆண்டு சூலைத் திங்களிற் புறப்பட்டு, ஆறு வாரம் வண்டியிற் சென்று, மிசௌரி மாநிலத்து மான்ஸ்பீல்டு என்னும் ஊரை அடைந்தனர். அங்கு 40 ஏக்கர் கற்பாங்கான நிலம் வாங்கி, ஏறத்தாழ 200 ஏக்கர் தோட்டமாகப் பெருக்கினர். ராக்கி ரிட்ஜ் என்னும் அவ்விடமே அவர் இறுதிவரை வாழ்ந்த இடம்.

ஏனைக் குடும்பத்தார் வரலாறும் கூறற்பாலது. தந்தையார் நிலத்தை விட்டு டி ஸ்மெட் நகரிற் குடியமர்ந்து ஊர்ப்பணிகள் பல ஆற்றி, 1902-ஆம் ஆண்டு சூன் 8-ஆம் நாள் காலமானார். தாயார் 1924-ஆம் ஆண்டு ஏப்பிரல் வரை வாழ்ந்தார். மேரி மணம் செய்துகொள்ளாது பெற்றோருடன் இருந்து, தொட்டுப் படிக்கும் எழுத்து நூல்களைப் பயின்றும், குதிரைகளை ஈ மொய்க்காமற் காக்கும் வலைகளைப் பின்னி விற்றும், தம் உழைப்பாற் குடும்பத்திற்குப் பொருளுதவி, 1928-இல் மறைந்தார். தங்கை விதைத்த கல்வி தமக்கையைப் பிறர் கையை எதிர்பாராது நிற்கச் செய்தமை இதனாற் போதரும். கேரி பத்திரிகை அலுவலகங்களில் உழைத்துப் பின் மணம் புரிந்து, 1946-இற் காலமானார். கடைக்குட்டியாகிய கிரேஸ் தாயையும் தமக்கையையும் போலச் சிலகாலம் சிற்றூர்ப் பள்ளியாசிரியராக இருந்து, 1941-இல் இறந்தார்.

லாரா அம்மையார் 1911 முதல் மிசௌரி உழவர் பத்திரிகையொன்றிற் கட்டுரை எழுதிவந்தார். 1930-இல் தம் தன்வரலாற்றை எழுதினார்; அதனை அச்சிடுவார் அக்காலத்து இலர்; அது 2014-இலேயே அச்சேறியது. அதனைச் சிறுவர்க்கேற்ற கதையாக மாற்றி 1932-இல் முதல் நூல் வெளிவந்தபோது அவர்க்கு அகவை அறுபத்தைந்து. 1943 முடிய எட்டு நூல்கள் வெளிவந்தன. எழுத்தாளராகிய மகள் ரோஸ் அந்நூல்களைத் திருத்தியும் அமைத்தும் கொடுத்தார். அவர் பங்கு எவ்வளவென அறிஞர் இன்றும் வாதிடுவர். தாயின் நினைவும் மகளின் தொழிற்றிறமும் கூடியே அந்நூல்கள் ஆயின என்பது கையெழுத்துப் படிகளாற் றெளியப்படுவது. அவை கதையாதலின் காலமும் இடமும் சிலவிடத்து மாற்றப்பட்டன; துன்பம் சிலவிடத்துக் குறைக்கப்பட்டது. ஆகவே, அவற்றை முழுவரலாறாகக் கொள்வார் பிழைபடுவர்.

இனி, முன் நிறுத்திய செய்திக்கு வருவாம். ஓசேஜ் மக்கள் நிலத்துட் புகுந்தது முறையன்று. கதைநூல் அப்பழங்குடியாரைச் சிலவிடத்து அச்சத்தோடும் இழிவோடும் பேசுகின்றது. மக்களே இல்லாத வெளியெனப் பொருள்பட நின்ற தொடரொன்றை ஒரு வாசகர் எடுத்துக்காட்ட, அம்மையார் தவற்றை ஒப்பி இசைந்தமையால் அது 1953-ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றப்பட்டது. அமெரிக்க நூலகத்தார் சங்கத்தின் சிறுவர் பிரிவு 1954 முதல் அவர் பெயரால் வழங்கிவந்த பரிசுக்கு, 2018-இல் அப்பெயரை நீக்கி வேறு பெயர் இட்டது. ஒருவர் நலத்தைப் போற்றுதற்காக அவர் காலத்துத் தீமையை மறைத்தலும், அத்தீமை பற்றி அவர் நலத்தை முற்றும் மறுத்தலும் நடுநிலையாகா. உழுது உண்ண நிலம் தேடிய ஏழையர் வறுமையும் உண்மை; அவர்பொருட்டு நிலமிழந்து பெயர்ந்த மக்கள் துயரும் உண்மை. இரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கே அவ்வரலாறு விளங்கும். அந்நூல்களை மாணாக்கர்க்குப் பயிற்றும் ஆசிரியர் கடமையும் அதுவே என்பது எம் துணிபு.

அல்மான்சோ 1949-ஆம் ஆண்டு அக்டோபரில் இறந்தார். லாரா அம்மையார் தொண்ணூறாண்டு நிரம்பி மூன்றாம் நாள், 1957-ஆம் ஆண்டு பெப்ரவரி 10-ஆம் நாள், ராக்கி ரிட்ஜில் உயிர்நீத்தார். மகள் ரோஸ் 1968-இல் மறைந்தார். சார்லஸ், கரோலின் வழியில் இன்று வாழும் சந்ததியார் ஒருவரும் இலர். தந்தையாரின் பிடில் மான்ஸ்பீல்டு மனையிலும், லாரா கற்ற முதற்பள்ளிக் கட்டடமும் நில அளவையாளர் மனையும் டி ஸ்மெட் ஊரிலும் பேணப்பட்டு வருகின்றன. குடிவழி அற்றதாயினும், பார்வையிழந்த தமக்கைக்காக ஒரு சிறு பெண் பனிக்குடிலில் நின்று கற்பித்த செயல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு எண்ணிறந்த சிறுவரால் இன்றும் படிக்கப்படுகின்றது. பெயரின்றி மறைந்த சிற்றூர் ஆசிரியர் அனைவர்க்கும் அவ்வோர் அம்மையார் வரலாறே நினைவுக்குறியாக நிற்கின்றது. நம் ஊர்ப் பள்ளிகளில் அவ்வாறு உழைத்து மறைந்தார் வரலாறுகளையும் அறிந்தோர் எழுதிவைப்பாராயின், அது கல்விக்குச் செய்யும் பேருதவியாம்.